வழக்கு முடிந்தது என்பதற்கு உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது?

நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று உதகையிலேயே தங்கிவிட்டவன் என்பதால், பழைய குற்ற வழக்கு ஒன்று திடீரென்று உறுத்தத் தொடங்கும்போது அக்கம்பக்கத்தார் என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலைக்குத் தேர்வான பையனோ, ராணுவத்தில் சேரப்போகிறவனோ, கூடலூர்ப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் புறப்படுகிறவரோ, யாராக இருந்தாலும் காவல் துறைச் சரிபார்ப்பு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் அந்த வழக்கு அவர்கள் நினைவுக்கு வருகிறது. அண்மைக் காலமாக அவர்கள் ஒரு புதிய கேள்வியையும் உடன் கொண்டுவருகிறார்கள். “அமெரிக்காவில் உள்ளூர் கோர்ட்டிலேயே மனு போட்டு ரெக்கார்டை அழித்துவிடலாமாமே, நம் ஊட்டி கோர்ட்டில் அப்படி ஒரு மனு உண்டா சார்?” என்பதுதான் அந்தக் கேள்வி.

அமெரிக்காவில் இருப்பது உண்மைதான். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று சட்டம் வைத்திருக்கிறது. சில வழக்குகளில் பதிவையே நீக்கிவிடுவார்கள். வேறு சிலவற்றில் பதிவை முத்திரையிட்டு மூடிவைப்பார்கள். பொதுமக்களும் பெரும்பாலான முதலாளிகளும் அதைப் பார்க்க முடியாது என்றாலும், காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அது திறந்தே இருக்கும். பென்சில்வேனியா மாநிலம் 2018இல் இயற்றிய சட்டம், தகுதியுள்ள சிறு வழக்குகளை யாரும் மனு போடாமலே தானாக மூடும் ஏற்பாட்டை அந்த நாட்டில் முதன்முதலாகக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டிலேயே, தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தவரின் பழைய தண்டனையைக் காலாவதியானதாகக் கருதும் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் வயதுவந்தவர்களுக்கு இப்படிப்பட்ட பொதுவான சட்டம் எதுவும் இல்லை. உதகையின் காக்காத்தோப்பு நீதிமன்ற வளாகத்தில் உள்ள எந்த நீதிமன்றத்திலும், “என் பதிவை அழித்துத் தாருங்கள்” என்று கேட்பதற்கான மனுப் படிவம் கிடையாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கிடையாது, கொடைக்கானலிலும் கிடையாது.

ஆனால் கேள்வி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. நம் சட்டத்தில் ஒருவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அவர்மீது வழக்கு இருந்ததா என்பதைவிட, அந்த வழக்கு எந்தச் சொற்களில் முடிந்தது என்பதுதான். கைவிடப்பட்டதா, ரத்தானதா, சமரசமானதா, திரும்பப் பெறப்பட்டதா, விடுதலையா, ஐயத்தின் பலனில் விடுதலையா, ஒப்புக்கொண்டு அபராதமா என்ற ஒவ்வொன்றும் வேறு வேறு விளைவு கொண்டது. “கேஸ் முடிஞ்சிருச்சு” என்று மட்டும் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு எப்படி முடிந்தது என்று தெரிவதில்லை, அதற்கான காகிதமும் கையில் இருப்பதில்லை.

இவற்றுள் அதிகக் கேடு செய்வது ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதுதான் என்பது என் கருத்து. காட்சி எல்லா ஊர்களிலும் ஒன்றே. பேருந்து நிலையத்தில் கைகலப்பு, பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதாகப் புகார், மலைப்பாதையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என்று ஏதோ ஒரு சிறு வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா கூடலூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ கூலியை இழந்து வந்துபோக வேண்டியிருக்கும். அப்போது யாராவது ஒருவர், “ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போங்க, இன்னிக்கே முடிஞ்சிரும்” என்பார். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. நீதிமன்றத்துக்கும் ஒரு கட்டு குறையும். கட்டுபவரோ அதைப் போக்குவரத்து அபராதம் போல நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். அது அப்படி அல்ல. தலைக்கவசம் அணியாததற்கு, நீதிமன்றம் போகாமல் அதிகாரியிடமே கட்டும் இணக்கத் தொகையோடு அந்த விவகாரம் முடிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. நீதித்துறை நடுவர் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அது குற்றத் தீர்ப்பைத் தொடர்ந்து விதிக்கப்படும் தண்டனை. குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் அதே சட்டத்தின் 185ஆம் பிரிவில் வருவது. அதை வழியிலேயே தொகை கட்டி முடிக்க முடியாது என்பதால் நீதிமன்றத்துக்குத்தான் வரும். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ அது சட்டப்படி சரியா என்பதையோ தவிர வேறு எதையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. ஹரியானாவில் நான்காம் நிலை ஊழியர் ஒருவர், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆபாசச் சொல் தொடர்பான 294ஆம் பிரிவின்கீழ்ச் சுருக்கமுறை விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு இருபது ரூபாய் அபராதம் கட்டியிருந்தார். அதைக் காரணமாக்கி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் குற்றம் ஒழுக்கக்கேடான குற்றம் ஆகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் வழங்கியது. அத்தோடு நிற்காமல், நாடெங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் விவரம் அறியாமல் சிறு தொகை கட்டித் தங்கள் எதிர்காலத்தை இழக்கிறார்கள் என்றும், 2,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு முடியும் சிறு குற்றங்கள் அரசு வேலைக்குத் தடையாகாதவாறு நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும் என்றும் எழுதியது. பொதுவான அப்படியொரு சட்டம் இன்றுவரை வரவில்லை. இத்தனைக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் குற்ற விசாரணை முறைச் சட்டத்தையும் முழுவதுமாக மாற்றி, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய வாய்ப்பிலும் இந்தச் சிறு திருத்தத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டு கட்டிவிட்டவர்களுக்கு ஒரு குறுகிய வழி இருக்கிறது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், என்ன சொன்னாரோ அதைக் கூடியவரை அவருடைய சொற்களிலேயே நடுவர் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். குற்றச்சாட்டின் சாரத்தை விளக்காமலும், “ஒப்புக்கொண்டார்” என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதியும் முடிக்கப்பட்ட தண்டனைகள், மேல்நிலை நீதிமன்றத்தில் போடும் சீராய்வு மனுவில் ரத்தாகியிருக்கின்றன. சீராய்வு மனுவுக்கு 90 நாள் கெடு உண்டு. தாமதமானால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். நீலகிரியில் இதை உதகையில் உள்ள மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். எல்லாருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நகல் மனு போட்டு அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் வழக்கறிஞர் எதையும் சொல்ல முடியும்.

நம் மாவட்டத்தில், குறிப்பாகக் கூடலூர், தேவாலா, சேரம்பாடி, ஓவேலிப் பக்கங்களில், இன்னொரு வகை வழக்கு அதிகம். யானை தாக்கி ஒருவர் இறந்தால் உடலை எடுக்க விடாமல் சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்பதும், பசுந்தேயிலை விலைக்காகவும் நிலப் பிரச்சினைக்காகவும் மறியல் செய்வதும் இங்கே புதிதல்ல. அப்படிப்பட்ட மறியல்களுக்குப் பிறகு, பழைய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 341 (வழிமறித்தல்), 188 (பொது ஊழியரின் உத்தரவை மீறுதல்) ஆகிய பிரிவுகளில், பெயர் தெரிந்தவர்கள்மீதும் “மற்றும் பலர்” மீதும் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். இழவுக்குப் போய் நின்றவன் பத்து ஆண்டுகள் கழித்துச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வது இதனால்தான். இந்த வழக்குகளைப் பற்றி மூன்று செய்திகளை அறிந்திருப்பது நல்லது.

188ஆம் பிரிவுக் குற்றத்தைச் சம்பந்தப்பட்ட பொது ஊழியர் எழுத்துமூலம் முறையிட்டால்தான் நீதிமன்றம் ஏற்க முடியும்; காவல் துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிவது செல்லாது என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் விரிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அமைதியான ஆர்ப்பாட்டத்தைச் சட்டவிரோதக் கூட்டமாக்கி 143ஆம் பிரிவைச் சேர்ப்பதையும் அது ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி இப்படிப்பட்ட வழக்குகள் ஏராளமாக ரத்தாகியுள்ளன. அடுத்ததாக, இந்த மூன்று பிரிவுகளும் ஓராண்டுக்குள்ளேயே தண்டனை உடையவை என்பதால், நீதிமன்றம் அவற்றைக் கோப்பில் எடுத்துக்கொள்ள ஓராண்டுக் காலவரம்பு உண்டு. அதற்குள் குற்றப் பத்திரிகை தாக்கலாகவில்லையென்றால், அந்த முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கேட்பதற்கு அதுவே வலுவான காரணம். மூன்றாவது, அரசே வழக்கைத் திரும்பப் பெறுவது. கொரோனா ஊரடங்கு விதிகளை மீறியதாகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வேளாண் சட்டங்கள், குடியுரிமைத் திருத்தச் சட்டம், கூடங்குளம், எட்டு வழிச் சாலை போன்றவற்றுக்கு எதிரான போராட்டங்கள் தொடர்பான 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அதே ஆண்டு செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் அரசு அறிவித்தது. அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் பலர். நீதிமன்றத்துக்குப் போய்விட்ட வழக்கை அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடுதான் திரும்பப் பெற முடியும் என்பதால், உங்கள் வழக்கு எண்ணில் அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த நிம்மதிக்குப் பொருள் இல்லை.

நீதிமன்றத்துக்கே வராமல் காவல் நிலையத்தோடு முடிந்துபோகும் வழக்குகளும் உண்டு. புகாரில் உண்மை இல்லை என்றோ, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்றோ எழுதி இறுதி அறிக்கை அனுப்பிவிடுவார்கள். நிலையத்து மொழியில் “மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்”, “ஆக்ஷன் டிராப்டு”. புகார் கொடுத்தவருக்கு அறிவிப்பு போகும், புகாருக்கு ஆளானவருக்குப் பெரும்பாலும் போகாது. தன்மீது வழக்கு நிலுவையில் இருப்பதாக நினைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்காமலே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். விசாரித்துப் பார்த்தால் அந்த வழக்கு வெகு காலத்துக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. பாஸ்போர்ட் சட்டம் தடையாகச் சொல்வது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைத்தான். அப்போதும்கூட, அந்த நீதிமன்றத்திடம் அனுமதி பெற்று வந்தால் குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் வழங்க 1993ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை வழிசெய்கிறது. முடிந்துபோன வழக்கில், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று ஐந்தாண்டுகள் ஆகாமல் இருந்தால் மட்டுமே அந்தத் தண்டனை பாஸ்போர்ட் மறுக்கக் காரணமாகும்.

அக்கம்பக்கத்துச் சண்டை வழக்குகள் தனி ரகம். தண்ணீர்க் குழாய், வேலி, தேயிலைத் தோட்டத்து வழி என்று தொடங்கி பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) என்ற பிரிவுகளில் போய் முடியும். நாளடைவில் இரு தரப்பும் சேர்ந்துவிடுவார்கள். மலையூரில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? 323ஐயும் 506ஐயும் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம். அந்தச் சமரசத்துக்கு விடுதலையின் விளைவு உண்டு. இடையில் நிற்பது 294(பி). அது சமரசம் செய்யத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லாததால், கீழமை நீதிமன்றத்தில் வழக்கு முழுவதையும் சமரசமாக முடிக்க முடியாமல் போகும். அப்போது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாட வேண்டும். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 482ஆம் பிரிவாகவும், இப்போது அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528ஆம் பிரிவாகவும் இருப்பது அதுதான். தனிப்பட்ட தன்மையுள்ள தகராறுகளில், சமரசப் பட்டியலில் இல்லாத குற்றமானாலும் இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாக்கியது. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

இதில் இரண்டு மலைகளுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ளவர்கள் மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். நீலகிரி இன்னும் சென்னை முதன்மை அமர்வின் கீழ்தான். சேரம்பாடியில் நடந்த வேலித் தகராறை ரத்து செய்ய, புகார்தாரரையும் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும் என்றால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டும் யோசனை ஏன் அவ்வளவு எளிதாக எடுபடுகிறது என்பது விளங்கும். மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாள்களில் சண்டை வழக்குகள் உள்ளூரிலேயே முடிவதுண்டு. அன்றைக்கு உங்கள் வழக்கு சமரசமாக முடிந்ததா, அல்லது ஒப்புதலும் அபராதமுமாக முடிந்ததா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காட்டுக்குள் விறகு பொறுக்கப் போனதற்கான வழக்குகளிலும் இந்த வேறுபாடு உண்டு. வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் தொகை கட்டி இணக்கமாக முடித்துக்கொள்வது வேறு, நடுவரிடம் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது வேறு.

விசாரணை முழுவதும் நடந்து விடுதலையானவர்களுக்கும் தீர்ப்பின் கடைசிப் பத்தி முக்கியம். சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சிகளாகிவிட, “சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து” என்று எழுதப்படும் விடுதலையும், குற்றமே நிகழவில்லை என்று கண்டறிந்து தரப்படும் விடுதலையும் வேலைக்கு எடுப்பவர் கண்ணில் ஒன்றல்ல. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, ஐயத்தின் பலனிலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். இந்த விதியை மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் உறுதி செய்தது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை அறியாமல், “விடுதலை ஆகிவிட்டதே” என்று உடற்தகுதித் தேர்வு வரை போய்விட்டு மனம் உடைகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசிச் சாட்சிகளைப் பிறழச் செய்து வழக்கை முடித்துக் கொடுப்பதைவிட, முறையாகச் சமரச மனுவோ ரத்து மனுவோ போடுவது அந்தப் பையனுக்குச் செய்யும் பெரிய உதவி.

உண்மையில் அழித்தல் என்று சொல்லத்தக்க ஒன்றைச் சட்டம் சிறார்களுக்கு வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறைவதற்கு முன் செய்த செயலுக்காக இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நின்றவருக்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலமும் விதிகள் குறிக்கும் காலமும் கழிந்ததும் பதிவுகளை அழிக்கக் குழுமம் உத்தரவிட வேண்டும். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இதற்கு ஏழாண்டு உச்ச வரம்பு வைக்கின்றன. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்ட நிகழ்வு மட்டும் இதற்கு விலக்கு. அதைவிட நடைமுறையில் பயன்படுவது 74(2)ஆம் பிரிவு: முடிந்துபோன சிறார் வழக்கின் விவரத்தை, நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ காவல் துறை வெளியிடவே கூடாது. சரிபார்ப்பு அறிக்கையில் அப்படி ஒன்று வந்திருந்தால் அது சட்டத்துக்கு மாறானது என்று எழுத்தில் ஆட்சேபிக்கலாம். பிறந்த தேதிச் சான்றையும் சம்பவ நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதனால்தான்; பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது நடந்த சண்டையைப் பெரியவர்கள் வழக்காகவே எண்ணிப் பயந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

தண்டனை தவிர்க்க முடியாது என்ற நிலையில், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தை வழக்கறிஞருக்கு நினைவூட்டலாம். முன் தண்டனை இல்லாதவரைச் சிறு குற்றங்களில் கண்டித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கலாம். அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தண்டனையோடு வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12ஆம் பிரிவு. குற்றவாளி என்ற தீர்மானம் இருக்கத்தான் செய்யும். கைரேகை, புகைப்படம் போன்றவற்றுக்கு 2022ஆம் ஆண்டு அடையாளச் சட்டம் 75 ஆண்டு ஆயுள் தருகிறது. முன் தண்டனை இல்லாதவர் விசாரணையின்றியோ விடுதலையாகியோ வெளிவந்து மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடாதவரை அவற்றை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இனி நான் பழகிய இடமான பதிவறையைப் பற்றி. நீதிமன்றங்கள் எல்லாக் கட்டுகளையும் என்றென்றும் வைத்திருப்பதில்லை. 1917ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, வழக்கின் வகைக்கேற்ப ஒரு காலம் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவார்கள். சிறு வழக்குகளின் கட்டுகள் முதலில் போகும். காவல் துறைப் பதிவு அந்தக் கணக்கில் சேராது. நிலையத்துப் பதிவேட்டிலும், மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்திலும், இப்போது கணினி வலையமைப்பிலும் அந்த முதல் தகவல் அறிக்கை எண் இருந்துகொண்டே இருக்கும். ஆக, உங்கள்மீது வழக்கு வந்தது என்ற செய்தி நிலைத்திருக்க, அது உங்களுக்குச் சாதகமாக முடிந்தது என்று காட்டும் தீர்ப்பு மட்டும் மறைந்துவிடுகிறது. பழைய வழக்கை அழிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டு வருபவர்களில் சிலருக்கு, அழிந்துபோன ஒன்றை மீட்க முடியாததுதான் உண்மையான சிக்கலாக இருந்திருக்கிறது.

அதனால் வழக்கு முடிந்த அந்த வாரத்திலேயே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிடுவது நல்லது. வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பு நாள் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்; எண் மறந்திருந்தால் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்திலேயே தேடலாம். நகல் கையில் வந்ததும் ஒரு பிரதியை விண்ணப்பத்தோடு காவல் நிலையத்திலும், மற்றொன்றை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்குகளில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் சென்னையில் பிறந்த உத்தரவு சேரம்பாடி நிலையத்தின் பதிவேட்டில் தானாக ஏறிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

படிவத்தில் “உங்கள்மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா” என்று கேட்டால், இருந்தது என்று எழுதி, முடிந்த விதத்தையும் எழுதி, நகலை இணைப்பதே பாதுகாப்பு. மறைத்ததற்காக வேலை போனவர்களின் வழக்குகளை 2016இல் ஒருசேர ஆராய்ந்த உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, இளவயதில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தால் வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விசாவுக்கான படிவமும், மன்னிப்போ அதற்கு ஒப்பான வேறு நிவாரணமோ கிடைத்திருந்தாலும் கைதையும் தண்டனையையும் சொல்லும்படிதான் கேட்கிறது. அழிக்கும் சட்டங்கள் உள்ள நாட்டின் படிவமே இப்படி இருக்கிறது.

இணையத்தில் பெயர் கிடப்பது வேறொரு தலைவலி. விடுதலையானவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்ட வழக்கில், மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021 ஆகஸ்டில் அதற்குச் சட்டத்தில் வழியில்லை என்று தள்ளுபடி செய்தார். இருவர் அமர்வு 2024 பிப்ரவரியில் மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. இதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன்.

செலவு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உடையவர்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய நம் மாவட்டப் பழங்குடியினர் அனைவருக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. விண்ணப்பத்தை உதகை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்ட அளவிலான சட்டப் பணிகள் குழுவிலோ வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டியிருந்தால், சென்னையில் உள்ள உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு அதை இங்கிருந்தே அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். போகும்போது முதல் தகவல் அறிக்கையின் நகலும் ஆதாரும் சாதிச் சான்றும் கையில் இருக்கட்டும்.